சுரஞ்சன் தாஸ் ரோடு தெரியும்... யார் இந்த சுரஞ்சன் தாஸ்?

பெங்களூருவில் பழைய மெட்ராஸ் ரோட்டையும் பழைய ஏர்போர்ட் ரோட்டையும் இணைக்கும் சாலை, சுரஞ்சன் தாஸ் ரோடு. அங்கே டிராஃபிக்கில் நீங்களும் மாட்டியிருப்பீங்க. அந்தப் பெயருக்குரியவர், இந்தியாவில் உருவான முதல் போர் ஜெட்டை முதன்முதலில் வானில் ஏற்றியவர்.

பிரிட்டனுக்குப் போனது ஏன்?

விமானப்படை பைலட்டான தாஸ், 1949-ல் பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் இருந்த எம்பயர் டெஸ்ட் பைலட்ஸ் ஸ்கூலில் பயிற்சி பெற்றார். அங்கே படித்த முதல் இந்தியர்களில் இவரும் ஒருவர். நல்லா ஓட்டத் தெரிஞ்சா மட்டும் டெஸ்ட் பைலட் ஆகிட முடியாது. யாருமே ஓட்டிப் பார்க்காத விமானம் எந்த வேகத்தில் நடுங்குது, எங்கே கட்டுப்பாடு நழுவுதுன்னு கண்டுபிடிக்கணும். அதை இன்ஜினியருக்குப் புரியும்படி அறிக்கையாகவும் எழுதணும். அதைச் சொல்லித்தர அன்று இந்தியாவில் பள்ளி கிடையாது.

பெங்களூருவில் என்ன செய்தார்?

ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் ஹெச்ஏஎல் நிறுவனம் ஹெச்எஃப்-24 மாருத் விமானத்தை உருவாக்கியது. 1959-ல் முதலில் அதே அளவில், இன்ஜினே இல்லாத மர கிளைடரைச் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17 அன்று நிஜ மாருத்தை தாஸ் ஓட்டினார். 1964 செப்டம்பர் 4 அன்று கிரண் பயிற்சி விமானத்தின் முதல் பறப்பும் இவர் கையில்தான்.

சிக்கல் எங்கே?

இன்ஜினில். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தை மனதில் வைத்து வடிவமைத்த விமானத்துக்குக் கிடைத்ததோ, அதற்குப் போதாத பிரிட்டிஷ் ஆர்ஃபியஸ் 703. எகிப்து உருவாக்கிவந்த இன்ஜினைப் பொருத்திப் பார்க்க ஒரு மாருத்தையே அங்கே அனுப்பியது இந்தியா. அதுவும் கைகூடலை. கடைசியில், இருக்கும் இன்ஜினுக்கே ஆஃப்டர்பர்னர் சேர்த்து உந்துவிசையைக் கூட்டப் பார்த்தார்கள். அந்த மாதிரி விமானத்தில் 1970 ஜனவரி 10 அன்று பெங்களூருவில் கிளம்பிய சிறிது நேரத்தில் விபத்து நடந்தது. குரூப் கேப்டன் தாஸ் உயிரிழந்தார்.

பிறகு?

சுமார் 145 மாருத்துகள் தயாராகின. 1971 போரில் பாகிஸ்தான் இலக்குகளைத் தாக்கவும் செய்தன. ஆனால், எதிர்பார்த்த வேகம் கடைசி வரை கிடைக்கவில்லை.

தாஸ் கடல் தாண்டிப் போய்க் கற்ற பாடத்தை நடத்த, 1970-களில் பெங்களூருவிலேயே டெஸ்ட் பைலட் பள்ளி வந்துவிட்டது. இன்ஜின் கதை மட்டும் இன்னும் முடியலை. இன்றைய தேஜஸ் பறப்பதும் அமெரிக்க இன்ஜினில்தான்.