பெயரை மறைக்காத வீரர் ஜிம் தோர்ப்

தடைதாண்டும் ஓட்டத்தில் எத்தனை தடைகள் உண்டு என்பது வீரருக்கு முன்பே தெரியும். 110 மீட்டர் தூரத்தில் பத்துத் தடைகள். வாழ்க்கை ஓட்டத்திலோ யாராலும் அப்படி எண்ணிச் சொல்ல முடிவதில்லை. தடகளத்திலும் தொழில்முறைக் கால்பந்திலும் புகழ்பெற்ற ஜிம் தோர்ப்பின் வாழ்வு இதை நமக்கு உணர்த்துகிறது.

அவர் 1887ஆம் ஆண்டு, இன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலமாக உள்ள பகுதியில், சாக்-பாக்ஸ் என்னும் பூர்வகுடி இனத்தில் பிறந்தார். தாய் கத்தோலிக்கர், ஜிம்மும் குழந்தைப் பருவத்திலேயே திருமுழுக்குப் பெற்றார். இரட்டையராய் உடன்பிறந்த சார்லி சிறு வயதிலேயே இறந்துபோனார். பின்னர் தாயையும் தந்தையையும் இழந்தார். பூர்வகுடிப் பிள்ளைகள் தங்கள் மொழியையும் பழக்கங்களையும் மறக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் பென்சில்வேனியாவில் நடத்தப்பட்ட கார்லைல் பள்ளியில்தான் அவரது விளையாட்டுத் திறமை மலர்ந்தது.

1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லான், பத்துப் போட்டிகள் கொண்ட டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். டெகத்லானின் 110 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தை 15.6 விநாடிகளில் முடித்து முதலிடம் பெற்றார். மொத்தத்தில் அடுத்து வந்தவரைவிட ஏறத்தாழ 700 புள்ளிகள் அதிகம்!

ஆறு மாதங்களில் எல்லாம் தலைகீழானது. 1909, 1910ஆம் ஆண்டுகளின் கோடை விடுமுறையில் சிறு ஊதியம் பெற்று அவர் பேஸ்பால் ஆடியிருந்தார். ஊதியம் பெற்றவர் ஒலிம்பிக்கில் பங்கேற்கக் கூடாது என்பது அன்றைய விதி. அக்காலத்தில் கல்லூரி மாணவர்கள் பலரும் இப்படி ஆடினார்கள். ஆனால் புனைபெயரில் ஆடினார்கள். ஜிம் தம் சொந்தப் பெயரிலேயே ஆடியதால் எளிதில் அகப்பட்டார். புகார்களை 30 நாட்களுக்குள் எழுப்ப வேண்டும் என்ற விதியைப் பொருட்படுத்தாமல், 1913இல் பதக்கங்களைப் பறித்தார்கள்.

அவர் முடங்கிவிடவில்லை. பெரிய பேஸ்பால் அணிகளில் ஆடினார். 1915இல் கேன்டன் புல்டாக்ஸ் அணியில் சேர்ந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை வீரரானார். இன்றைய தேசியக் கால்பந்து லீக் 1920இல் வேறு பெயரில் உருவானபோது, அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே.

1928இல் கால்பந்திலிருந்து ஓய்வு பெற்ற பின் வறுமை வாட்டியது. குழி வெட்டும் கூலி வேலையும், திரைப்படங்களில் சிறு வேடங்களும் செய்து பிழைத்தார். குடிப்பழக்கமும் அவரை வருத்தியது. 1953 மார்ச் 28 அன்று, பதக்கங்கள் திரும்பாமலே கலிபோர்னியாவில் மறைந்தார்.

1982இல் ஒலிம்பிக் குழு மனம் மாறியது; ஆனால் இணை வெற்றியாளர் என்று மட்டுமே ஏற்றது. 2022 ஜூலையில்தான், 110 ஆண்டுகளுக்குப் பின், இரு போட்டிகளிலும் அவரே ஒரே வெற்றியாளர் என்று அறிவித்தது. டெகத்லானில் இரண்டாம் இடம் பெற்ற சுவீடன் வீரர் ஹூகோ வீஸ்லாண்டர், தமக்கு ஒதுக்கப்பட்ட தங்கத்தைத் தமக்குரியதாக ஒருபோதும் ஏற்கவில்லை என்பதும் அப்போது உலகறியச் சொல்லப்பட்டது.

ஒருவர் தம் பெயரை மறைக்காததால் இழந்தார். இன்னொருவர் பிறருக்குரியதைத் தமதாக்கிக் கொள்ள மறுத்தார். தாமதமாக வந்த நீதி ஜிம்மின் பசியைத் தீர்க்கவில்லை. நம்மிடையே இன்று நீதிக்காகக் காத்திருப்பவர் யார்? அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குரியதைக் கொடுத்துவிடுவோம்.