மக்கள் ஓவியர் சித்தப்பிரசாத்

ஓவியம் என்றதும் செல்வர் மாளிகையில் பொற்சட்டத்துக்குள் விளங்கும் படமே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். எளியவர் வீட்டுக்கும் படம் சென்று சேர வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருவரை இம்மலரில் நினைவு கூர விழைகிறோம். அவரே வங்கம் தந்த ஓவியர் சித்தப்பிரசாத்.

1915ஆம் ஆண்டில் நைஹாட்டியில் பிறந்த அவர், சிட்டகாங்கில் கல்லூரிக் கல்வி பெற்றார். ஓவியத்தைத் தம் முயற்சியாலேயே கற்றுத் தேர்ந்தார். அந்தணர் குடியிற் பிறந்திருந்தும், சாதி வேற்றுமையை வெறுத்துப் பட்டாச்சாரியா என்னும் குடிப்பெயரைத் துறந்தார். பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, தம் தூரிகையை உழவர்க்கும் தொழிலாளர்க்கும் உரியதாக்கினார்.

1943இல் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அதில் 20 முதல் 30 இலட்சம் மக்கள் வரை மாண்டனர் என மதிப்பிடுவர். அவ்வாண்டு நவம்பரில் சித்தப்பிரசாத் மிட்னாபூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சென்று, பசியால் உருக்குலைந்தோரைக் கறுப்பு மையில் தீட்டினார். அப்படங்களும் குறிப்புகளும் ‘பசித்த வங்காளம்’ என்னும் சிறுநூலாக வெளிவந்தன. ஆங்கில அரசு அதனைப் பறிமுதல் செய்து பிரதிகளை அழித்தது. ஆயினும் ஒரு பிரதியை அவர் குடும்பத்தார் பேணிக் காத்தனர். அதனைக் கொண்டு 2011இல் அந்நூல் மீண்டும் அச்சேறியது.

1946 முதல் அவர் பம்பாயில் நிலைத்து, அந்தேரியில் எளிய வாழ்வு வாழ்ந்தார். 1940களின் இறுதியில் கட்சியை விட்டு விலகினார். மக்களை விட்டு விலகினாரில்லை. மரப்பலகையிலும் லினோலியத்திலும் உருவங்களைச் செதுக்கினார். குடைந்த இடம் வெண்மையாக நிற்க, மேடான இடம் மையேற்றுத் தாளில் பதியும். ஒரு பலகையினின்று படங்கள் பல எடுக்கலாம், செலவும் சிறிது. ஏழைக்கும் எட்டும் கலை என்று அவர் இதனைப் போற்றியதில் வியப்பில்லை. உழைத்து உண்ணும் சிறுவரைக் காட்டும் அவருடைய செதுக்குப் படங்கள், யுனிசெஃப் நிறுவனத்தின் டேனிஷ் குழுவால் 1969இல் நூலாக வெளியிடப்பெற்றன. ‘தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள்’ என்பது அதன் பொருள்படும் பெயர். அக்கம்பக்கத்துச் சேரிக் குழந்தைகளுக்காக அவர் ‘கேலாகர்’ என்னும் பொம்மலாட்ட அரங்கும் நடத்தினார்.

புகழும் பொருளும் அவரை நாடி வரவில்லை. செக் நாட்டு நண்பர் சிலர் அவருடைய படங்களை அன்புடன் வாங்கிப் பாதுகாத்தனர். 1978இல் கல்கத்தாவில் அவர் மறைந்தார்.

பலருக்கென அச்சிட்ட நூல் பஞ்சத்தின் சான்றாக இன்று நம் கண்முன் நிற்பதற்கு, ஒரு வீட்டார் காத்த ஒரு பிரதியே காரணம். பிறந்த ஊர் விட்டு வந்த நம் வீட்டுப் பெட்டிகளிலும் பாட்டனார் கையெழுத்தும் பழைய மலர்களும் படங்களும் உறங்குகின்றன. வீடு மாறும்போது அவற்றைப் பழைய தாள்காரரிடம் எடைக்குப் போடுமுன், பிள்ளைகளை அருகழைத்து ஒருமுறை பிரித்துப் பார்ப்போமாக.