தமிழில் வைத்தியம் படிப்பித்த கிறீன்

மானிப்பாயிலே கிறீன் என்ற பெயரில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து 1845இல் பட்டம் பெற்று, 1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார்.

நோயாளர் கூட்டத்தை ஒருவர் எப்படிச் சமாளிப்பது? உள்ளூர் இளைஞருக்கே வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள். கிராமம் பழையபடியே கிடந்தது. 1864 முதல் தமிழில் படிப்பித்தார். என் மனத்தில் அவர் உயர்ந்து நிற்பது இந்த முடிவினால்தான்.

தமிழில் பாடநூல் வேண்டுமே! மாணவர்களோடு சேர்ந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தார். 1867இல் 'இரண வைத்தியம்' அச்சாகியது. இரணம் என்றால் காயம். இரத்த வகைகளை லான்ட்ஸ்டெய்னர் கண்டுபிடித்தது 1901இல். ஆகவே கிறீனின் மாணவர்களால் இழந்த இரத்தத்தை மீளக் கொடுக்க முடியாது. போகாமல் தடுப்பது ஒன்றே வழி.

எங்கள் மன்னார்க் கரைக்கு அது இன்றும் பாதி உண்மை. பேசாலையிலோ தலைமன்னாரிலோ கடலுக்குப் போனவரைத் திருக்கை முள் கிழித்தால், ஆஸ்பத்திரி வெகுதூரம். பக்கத்தில் இருப்பவரே வைத்தியர். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம்தான் உண்டு. சுத்தமான துணியை, இல்லாவிட்டால் சாரத்தையாவது மடித்துக் காயத்தில் வைத்து விடாமல் அழுத்த வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. ஆழக் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காமல் அதன் இரு பக்கமும் அழுத்த வேண்டும். கையிலோ காலிலோ இரத்தம் அப்படியும் பீறிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 சென்ரிமீற்றர் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலத் துணியைக் கட்டித் தடியால் முறுக்கி இறுக்கலாம். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி சேரும்வரை அவிழ்க்க வேண்டாம்.

அதிர்ச்சி என்றால் பயந்துபோவது என்று பலர் நினைக்கிறோம். வைத்தியர் சொல்லும் அதிர்ச்சி வேறு: உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச்சேராத நிலை. முகம் வெளிறும், தோல் குளிர்ந்து வியர்க்கும், நாடி வேகமாகவும் மெலிவாகவும் ஓடும், தாகம் எடுக்கும், ஆள் அந்தரப்படுவார், பிறகு சோர்ந்து தடுமாறுவார். பேசிக்கொண்டுதானே இருக்கிறார் என்று ஏமாந்துவிடக் கூடாது. மல்லாத்திப் படுக்கவைத்து, கால் முறியாதிருந்தால் காலைச் சற்று உயர்த்தி, போர்த்திவிட வேண்டும். தண்ணீர் கேட்பார், கொடுக்கக் கூடாது. எங்கள் வீடுகளில் இதுதான் மிகக் கடினம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். (உம்மா, வாப்பாமாருக்கு அந்த எண் ஊரை விட்டு வெளியேறிய வருடம். நாங்கள் இதற்காகவும் அதை மனனம் செய்வோம்.)

கிறீன் படிப்பித்து அனுப்பியவர்கள் அறுபதுக்கும் மேல். 1873இல் நாடு திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை விடவில்லை. 1884 மே 28இல் காலமானார். தமிழருக்கு வைத்தியம் செய்தவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார்.