கை கழுவச் சொன்ன மருத்துவர்

நுழையும்முன்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் உள்ளது புத்தலப்பட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்பகுதி வீடுகள் பலவற்றில் நாட்டுக்கோழிக் குழம்பும் ராகி சங்கட்டியும் மணக்கும். ராகி சங்கட்டியைத் தமிழில் கேழ்வரகுக் களி என்பர். பச்சைக் கறியைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே வேறு பொருளைத் தொட வேண்டும் என்று வீட்டுப் பெரியோர் கூறுவதைப் பிள்ளைகள் கேட்டிருப்பர். எளிதாகத் தோன்றும் இப்பழக்கத்தின் பின்னால் ஒரு மருத்துவரின் துயரம் நிறைந்த வாழ்வு இருக்கிறது. அவர் சமையலறைக்காக உழைத்தவர் அல்லர். பிள்ளை பெற்ற தாய்மாரின் உயிரைக் காக்க உழைத்தவர். ஆயினும் அவர் கண்ட உண்மை இன்று ஒவ்வோர் அடுக்களைக்கும் உரியதாகிவிட்டது.

பிறப்பும் கல்வியும்

ஐரோப்பாவில் தன்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் புடா, பெஸ்ட் என இரு நகரங்கள் இருந்தன. அவை பின்னாளில் இணைந்து புடாபெஸ்ட் ஆயின. புடா நகரில் 1818ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் இக்னாஸ் செம்மல்வைஸ் பிறந்தார். தந்தையார் மளிகை வணிகர். பத்துப் பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்தில் இக்னாஸ் ஐந்தாமவர்.

மகன் சட்டம் பயில வேண்டும் எனத் தந்தையார் விரும்பி, 1837இல் அவரை வியன்னா நகருக்கு அனுப்பினார். அங்குச் சென்ற செம்மல்வைஸின் உள்ளம் மருத்துவத்தை நாடியது. சட்டக் கல்வியை விடுத்து மருத்துவம் பயின்று 1844இல் பட்டம் பெற்றார். 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவராகப் பணியேற்றார்.

ஒரே கூரை, இரு வேறு நிலை

அம்மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். ஒரு நாள் வரும் தாய்மார் ஒரு பிரிவிலும், மறுநாள் வருவோர் மற்றொரு பிரிவிலும் சேர்க்கப்பட்டனர்.

பிள்ளை பெற்ற சில நாள்களில் தாய்மாருக்குக் கடுங்காய்ச்சல் கண்டு உயிர் பிரிவது அக்காலத்தில் மிகுதி. அதனை மகப்பேற்றுக் காய்ச்சல் என்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் சேர்ந்த தாய்மாருள் நூற்றுக்குப் பதினொருவர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு மூன்றையும் எட்டவில்லை. இவ்வேறுபாட்டை நகரத்து ஏழைப் பெண்கள் அறிந்திருந்தனர். தம்மை முதற்பிரிவில் சேர்க்க வேண்டா என அவர்கள் மண்டியிட்டு அழுதனர். மருத்துவமனையை அடையும் முன்னரே தெருவில் பிள்ளை பெற்ற பெண்களுக்குக்கூட இக்காய்ச்சல் அவ்வளவாக வரவில்லை.

செம்மல்வைஸ் அமைதி இழந்தார். காற்றே காரணம் எனப் பலர் கூறினர். ஆனால் இரு பிரிவினரும் ஒரே காற்றையே சுவாசித்தனர். கூட்ட நெரிசலே காரணம் என்றனர் சிலர். ஆனால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் மிகுதி. தாய்மார் படுக்கும் முறையை மாற்றிப் பார்த்தார். இறப்போருக்காக மணியடித்து வரும் பாதிரியாரின் ஒலி கேட்டு அஞ்சுகிறார்களோ என ஐயுற்று, அவரை ஓசையின்றி வேறு வழியே வரச் செய்தார். எதுவும் பயன் தரவில்லை.

விடை தந்த இறப்பு

1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் செம்மல்வைஸின் நண்பரான பேராசிரியர் யாக்கோபு கொலெட்ச்கா காலமானார். இறந்தோர் உடலை அறுத்து ஆராயும் பணியின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. அச்சிறு காயமே அவருக்கு எமனாயிற்று. நண்பரின் நோய்க் குறிப்புகளைப் படித்த செம்மல்வைஸ் திகைத்தார். காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்ட அதே அடையாளங்கள் நண்பரின் உடலிலும் இருந்தன.

அப்போது அவருக்கு உண்மை விளங்கியது. முதற்பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணக்கூறாய்வு செய்துவிட்டு, அங்கிருந்து நேரே மகப்பேற்று அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகளோ பிணங்களைத் தொடுவதில்லை. இறந்த உடலின் கண்ணுக்குப் புலப்படாத துகள்களை மருத்துவர்களின் கைகளே தாய்மாரிடம் கொண்டு சேர்த்தன. ஆய்வில் ஆர்வம் மிக்க செம்மல்வைஸும் நாள்தோறும் அப்பணியைச் செய்து வந்தவர். எனவே, தம் கைகளும் எத்தனையோ தாய்மாரின் இறப்புக்குக் காரணமாயின என்பதை அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பிறர் மீது பழி போடும் முன் தம் கைகளைப் பார்த்தது அவருடைய பெருமை.

வெளுப்புத்தூள் கரைத்த நீர்

மருத்துவர்கள் அதற்கு முன்னரும் சோப்பிட்டுக் கை கழுவியே வந்தனர். எனினும் பிணவாடை கைகளில் தங்கியிருந்தது. வாடை இருப்பின் துகளும் இருக்கும் எனச் செம்மல்வைஸ் எண்ணினார். இன்று கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் இடப்படும் பிளீச்சிங் பவுடர் எனும் வெளுப்புத்தூள் அவ்வாடையைப் போக்க வல்லது. 1847ஆம் ஆண்டு மே மாத இடையில், அத்தகைய குளோரின் நீரில் கைகளைக் கழுவிய பின்னரே எவரும் தாய்மாரைத் தொட வேண்டும் என்று கட்டளையிட்டார்.

ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூனில் ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. 1848ஆம் ஆண்டின் மார்ச்சு, ஆகஸ்டு ஆகிய இரு திங்களிலும் முதற்பிரிவில் ஒரு தாயும் இக்காய்ச்சலால் இறக்கவில்லை.

இடையே ஒரு துன்ப நிகழ்ச்சி மற்றொரு பாடத்தைக் கற்பித்தது. 1847 அக்டோபரில், அழுகிய புண்ணோடு கூடிய புற்றுநோயாளி ஒருவர் வரிசையில் முதற்படுக்கையில் இருந்தார். மருத்துவர்கள் அவரைத் தொட்டு ஆய்ந்தபின், கைகளைச் சோப்பினால் மட்டும் கழுவி அடுத்தடுத்த தாய்மாரைத் தொட்டனர். அவ்வரிசையில் இருந்த பன்னிருவருள் பதினொருவர் இறந்தனர். நஞ்சு பிணத்திலிருந்து மட்டும் வருவதில்லை, உயிருள்ள உடலிலிருந்தும் வரும் என்பது தெளிவாயிற்று. அன்று முதல், ஒருவரைத் தொட்டு அடுத்தவரைத் தொடும் முன்னரும் குளோரின் நீரில் கை கழுவ வேண்டும் என விதித்தார். கை கழுவுதல் காலையில் ஒருமுறை செய்து முடிக்கும் சடங்கன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கை செல்லும்போதெல்லாம் செய்ய வேண்டிய கடமை என்பதை அவர் கண்டுகொண்டார்.

ஏற்க மறுத்த உலகம்

இத்தகைய வெற்றியை உலகம் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று பரவவில்லை. கெட்ட காற்றே நோய் தரும் என்னும் நம்பிக்கை வேரூன்றியிருந்தது. உயிர் காக்கும் தம் கைகளே உயிரைப் பறித்தன என்பதை மருத்துவர் பலரால் தாங்க இயலவில்லை. செம்மல்வைஸின் மேலதிகாரியும் அவரை ஆதரிக்கவில்லை. 1849இல் அவர்தம் பணிக்காலம் முடிந்தது, அது நீட்டிக்கப்படவில்லை. 1850இல் அவர் வியன்னாவை விட்டுத் தாயகம் திரும்பினார்.

பெஸ்ட் நகரின் புனித ரோக்கு மருத்துவமனையில் ஊதியமின்றி உழைத்து, அங்கும் அக்காய்ச்சலைப் பெரிதும் ஒழித்தார். 1855இல் பேராசிரியரானார். ஆயினும் தம் கண்டுபிடிப்பை உரிய காலத்தில் எழுதி வெளியிட அவர் தயங்கினார். 1847இலேயே கண்ட உண்மை 1861இல்தான் நூலாக வந்தது. நூலையும் பலர் ஏற்கவில்லை. சினம் கொண்ட அவர், எதிர்த்த பேராசிரியர்களைக் கொலைகாரர் எனச் சாடித் திறந்த மடல்கள் எழுதினார். அம்மடல்கள் பகையை வளர்த்தனவே அன்றி உண்மையை வளர்க்கவில்லை. கை கழுவச் சொன்னவரை உலகம் கைகழுவியது.

இறுதி நாள்கள்

மனம் நலிந்த செம்மல்வைஸ் 1865 ஜூலை இறுதியில் வியன்னாவில் உள்ள மனநல விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்டார். இரு வாரங்களில், ஆகஸ்டு 13ஆம் நாள், தம் நாற்பத்தேழாம் வயதில் உயிர் நீத்தார். கையில் ஏற்பட்ட புண் சீழ் பிடித்து, அந்நஞ்சு உடலெங்கும் பரவியிருந்தது. எந்த நோயை வெல்ல வாழ்நாளெல்லாம் போராடினாரோ, அவ்வகை நோயே அவரைக் கொண்டு சென்றது.

அதற்கு முந்திய நாள், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர், கால் முறிந்த சிறுவன் ஒருவனின் புண்ணில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திச் சீழ் பிடிக்காமல் காத்தார். 1879இல் லூயி பாஸ்டர் மகப்பேற்றுக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியைக் கண்டு விளக்கினார். செம்மல்வைஸ் கூறிய துகள்களுக்கு அப்போது பெயர் கிடைத்தது. இன்று புடாபெஸ்டில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த இல்லம் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அடுக்களைக்கு வந்த பாடம்

பச்சைக் கறியும் உயிர் நீங்கிய உடலின் பகுதியே. கோழியின் குடலில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் முதலிய கிருமிகள் வாழ்வதுண்டு. வெட்டும்போது அவை இறைச்சியில் ஒட்டிக்கொள்ளக்கூடும். அன்று அறுத்த கோழியிலும் அவை இருக்கலாம். அவற்றுக்கு நிறமில்லை, வாடையுமில்லை. அவை வயிற்றினுள் சென்றால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியன உண்டாகும். குழந்தைகளையும் முதியோரையும் கருவுற்ற தாய்மாரையும் அவை கடுமையாகத் தாக்கும்.

கறி நன்கு வெந்தால் அதில் உள்ள கிருமிகள் அழிந்துவிடும். ஆனால் கை அடுப்பில் ஏறுவதில்லை. கறி நறுக்கிய கை உப்பு ஜாடிக்குள் நுழைகிறது, அஞ்சறைப்பெட்டியைத் திறக்கிறது, குழாயைத் திருகுகிறது, பச்சடிக்கு வெங்காயம் அரிகிறது. வெங்காயப் பச்சடி வேகவைக்கப்படுவதில்லை. உப்பு ஜாடியையோ மறுநாள் வேறொரு கை திறக்கும். வியன்னாவில் வரிசையாகப் படுத்திருந்த தாய்மாரைத் தொட்ட கைகளுக்கும் இக்கைக்கும் வேறுபாடு இல்லை.

ஆகவே கறியை எடுக்கும் முன்னரே உப்பையும் மசாலாவையும் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்வது நன்று. பச்சடிக்கான காய்களை முதலில் அரிந்து மூடி வைக்க வேண்டும். கறியைத் தொட்டபின், வேறு எதையும் தொடும் முன், ஓடும் நீரில் சோப்பு நுரை வர இருபது நொடிகள் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு ஆகியவற்றை மறத்தல் கூடாது. வீட்டுக்குச் சோப்பே போதும். வெளுப்புத்தூள் நீர் கைக்கு வேண்டா. முந்தானையில் துடைப்பதும், வெறும் நீரில் விரல் நனைப்பதும், மஞ்சள் பூசுவதும் சோப்புக்கு ஈடாகா. கத்தியையும் பலகையையும் குழாயின் பிடியையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

குழாயை வேகமாகத் திறந்து கோழிக்கறியைக் கழுவினால் நீர் நாற்புறமும் தெறித்துக் கிருமிகளைப் பரப்பும். அதனால் பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டா எனப் பல நாடுகளின் உணவுத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். கழுவும் வழக்கமுள்ள வீடுகளில், பாத்திரத்து நீரில் தெறிக்காமல் மெல்ல அலசி, அந்நீரைக் கவனமாகக் கொட்டுதல் வேண்டும்.

2008ஆம் ஆண்டு முதல் அக்டோபர் 15ஆம் நாள் உலகக் கை கழுவும் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தாய்மாரின் அழுகுரலைக் கேட்டுத் தம் கைகளையே ஐயுற்ற ஒருவரின் நேர்மையால் கோடிக்கணக்கான உயிர்கள் காக்கப்பட்டன. அவருக்குச் செலுத்தும் நன்றிக்குப் பெருஞ்செலவு இல்லை. சோப்பும் நீரும் இருபது நொடிகளுமே போதும்.

சொற்பொருள்

மருத்துவச்சி – பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்
பிணக்கூறாய்வு – இறந்தவர் உடலை அறுத்து ஆராய்தல்
ஐயுறு – சந்தேகப்படு
சாடு – கடிந்து தாக்கு
அடுக்களை – சமையலறை
அஞ்சறைப்பெட்டி – கடுகு, சீரகம் முதலியன வைக்கும் அறைகள் கொண்ட பெட்டி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. செம்மல்வைஸ் எங்கு, எப்போது பிறந்தார்?
2. இரண்டாம் பிரிவில் இறப்பு குறைவாக இருந்தது ஏன்?
3. 1847 அக்டோபர் நிகழ்ச்சிக்குப் பின் அவர் விதித்த புதிய விதி யாது?

ஆ. சிந்தித்து எழுதுக.
1. உண்மையைக் கண்ட செம்மல்வைஸால் அதனைப் பிறர் ஏற்கும்படி செய்ய இயலவில்லை. இதற்கு உலகின் குறைகள் எவை? அவருடைய குறைகள் எவை?
2. கறி நன்கு வெந்தபோதும் கை கழுவாமையால் நோய் வருவது எவ்வாறு?

இ. மொழியோடு விளையாடு.
1. ‘கை கழுவு’, ‘கைகழுவு’ – இரண்டின் பொருளும் விளங்கத் தனித்தனித் தொடர் அமைக்க.
2. தமிழில் ‘கை’, தெலுங்கில் ‘செய்யி’. இரண்டும் ஒரு வேரில் பிறந்த சொற்கள். இவ்வாறு உறவுடைய உடலுறுப்புப் பெயர்கள் இரண்டினை வீட்டில் கேட்டு எழுதுக.

ஈ. செயல்பாடு
வீட்டில் கறி சமைக்கும் நாளில், கறியைத் தொட்ட கை சோப்பைத் தொடும் முன் வேறு எவற்றைத் தொடுகிறது என உற்றுநோக்கிப் பட்டியல் இடுக. கறி சமைக்காத வீட்டினர், முட்டை உடைத்த கையையோ மண் ஒட்டிய கிழங்கைத் தொட்ட கையையோ உற்றுநோக்கலாம்.