எஜமானின் வீட்டை வாங்கிய அடிமை

அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலம் பியூபோர்ட் ஊரில் 1839-ல் அடிமையாகப் பிறந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 12 வயதில் சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். உழைத்தது அவர், கூலியில் பெரும்பகுதி எஜமானுக்குப் போயிற்று.

உள்நாட்டுப் போர் நடந்தபோது தென்னவர் படையின் 'பிளான்டர்' கப்பலில் வேலை பார்த்தார். 1862 மே 13 விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்க, மனைவி மக்களோடு கப்பலைக் கிளப்பினார். கேப்டன் தொப்பி அணிந்து, கோட்டைகளைக் கடக்கும்போது முறைப்படி சங்கு ஊதி, வடக்கு அரசின் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார்.

1868-ல் மாநில அரசியல் சட்டம் எழுதிய சபையில் அமர்ந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி கேட்டார். 1875-ல் அமெரிக்கக் காங்கிரசில் உறுப்பினரானார். 1895-ல் கறுப்பரின் ஓட்டைப் பறிக்க வந்த புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்திட மறுத்தார்.

எந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் அடிமையாகப் பிறந்தாரோ, அந்த வீட்டையே வரி பாக்கி ஏலத்தில் வாங்கியிருந்தார். 1915-ல் அங்கேயே, வீட்டுக்குச் சொந்தக்காரராகக் கண்மூடினார்.