யானை மணிக்கூடு செய்த அறிஞர் அல்-ஜஸரீ

கண்டியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு யானை புதிதல்ல. எசல பெரஹரா காலத்தில் அலங்கரித்த யானைகள் வீதியில் அசைந்து வருவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறோம். ஆனால், சென்ற விடுமுறையில் துபாயில் வேலை செய்யும் என் மாமா அனுப்பிய ஒரு யானைப் படம் என்னை வியக்க வைத்தது. யானையின் முதுகில் அம்பாரி. அதில் பாம்புகள், பறவைகள், மனித உருவங்கள். அது இப்னு பதூதா வணிக வளாகத்தில் உள்ள மணிக்கூடு என்றும், அதன் மூல வடிவத்தை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் அமைத்தார் என்றும் மாமா எழுதியிருந்தார்.

அந்த அறிஞரைப் பற்றித் தேடிப் படித்தபோது எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. வாப்பாவின் தகப்பனாரைத்தான் நாங்கள் அப்பா என்று அழைப்போம். அவர் மணிக்கூடு திருத்துபவராக இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அறிஞரின் பெயர் பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இப்னு இஸ்மாயில் அல்-ஜஸரீ. டைகிரிஸ், யூப்ரடீஸ் நதிகளுக்கு இடைப்பட்ட ஜஸீரா நிலப்பகுதியின் பெயரே அவர் பெயரோடு சேர்ந்தது. இன்று துருக்கியில் உள்ள தியார்பகிர் நகரில் ஆட்சி செய்த அர்த்துகீ மன்னர்களிடம் அவர் பணிபுரிந்தார். தந்தை, அவருக்குப் பின் மூத்த மகன், அடுத்து இளைய மகன் நாஸிருத்தீன் மஹ்மூத் என ஒரே குடும்பத்தின் மூன்று மன்னர்களுக்கு ஏறக்குறைய 25 ஆண்டுகள் சேவை செய்தார்.

மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தில் அவருடைய பொம்மைகள் எவ்வாறு அசைந்தன? யானை மணிக்கூட்டையே எடுத்துக்கொள்வோம். யானையின் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் மிதக்கும் கிண்ணத்தின் அடியில் சிறியதொரு துளை. துளை வழியே தண்ணீர் ஏறி, கிண்ணம் சரியாக அரை மணி நேரத்தில் மூழ்கும். அது மெல்ல மெல்லத் தாழும்போது கயிறு இழுபட்டு, மேலே அமர்ந்திருக்கும் எழுத்தர் பொம்மை திரும்பித் தன் பேனாவால் நேரத்தைக் காட்டும். கிண்ணம் முழுதாக மூழ்கியதும் உச்சியிலிருந்து ஓர் உருண்டை விடுபட்டு, வல்லூறின் அலகு வழியாகப் பாம்பின் வாயில் விழும். பாரம் தாங்காமல் பாம்பு கீழே சாயும். அப்போது பாகன் யானையை அடிப்பான். பாம்போடு பிணைத்த சங்கிலி மூழ்கிய கிண்ணத்தை மீண்டும் மேலே தூக்கிவிடும். உருண்டையைக் கீழே போட்டதும் பாம்பு பழைய நிலைக்குத் திரும்ப, அடுத்த அரை மணி தொடங்கும். பார்ப்பவருக்குத் தெரிவது பாம்பும் பாகனும்தான். வேலை செய்வதோ யாருக்கும் தெரியாத கிண்ணம்.

விருந்தினரை மகிழ்விக்க அவர் ஒரு படகும் செய்தார். குளத்தில் மிதக்கும் அந்தப் படகில் மேளம், யாழ், குழல் வாசிக்கும் நான்கு பொம்மைகள். தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அச்சில் பதித்த முளைகள் நெம்புகோல்களைத் தட்டும். மேளக்காரரின் கைகள் எழுந்து விழும். வேலையாள் தண்ணீர் ஊற்றுவதை விரும்பாத மன்னர் ஒருவருக்காக, வுழூச் செய்யத் தானே தண்ணீர் ஊற்றும் கருவியையும் அமைத்துக் கொடுத்தார். அரண்மனை வேடிக்கைகளோடு அவர் நின்றுவிடவில்லை. ஆற்றின் ஓட்டத்தைக் கொண்டே தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் பம்பியையும் வடிவமைத்தார்.

இவற்றையெல்லாம் எழுதித் தரும்படி மன்னர் நாஸிருத்தீன் கேட்டுக்கொண்டார். அல்-ஜஸரீ 50 கருவிகளை ஆறு பிரிவுகளாக வகுத்து, வண்ணப் படங்களோடு நூல் எழுதினார். அது 1206இல் நிறைவு பெற்றது. ஒவ்வொரு பாகத்தின் அளவையும் பொருத்தும் முறையையும் ஒளிக்காமல் சொன்னார். தாமே செய்து சோதித்தவற்றையே எழுதினார். முதலில் கடதாசியில் மாதிரி செய்து பார்ப்பதும், மரப்பலகை வளையாதிருக்கப் பல அடுக்குகளாக ஒட்டுவதும் அவருடைய முறைகள். நூல் முடிந்த ஆண்டளவிலேயே அவர் மறைந்தார். கருவிகள் அழிந்தன, நூல் நிலைத்தது. 1974இல் டொனால்ட் ஹில் என்ற பொறியியலாளர் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். துபாயில் நிற்கும் யானை அந்த நூலிலிருந்து பிறந்ததுதான்.

இன்றைய கேளிக்கைப் பூங்காக்களிலும் பொம்மைகள் பேசுகின்றன, பாடுகின்றன. 1963இல் டிஸ்னிலாண்டில் பாடும் பறவைகளின் காட்சி தொடங்கியது. இப்போது பொம்மையின் தோலுக்கு அடியில் உலோக எலும்புக்கூடு, மோட்டார், காற்றழுத்தக் குழாய் எல்லாம் இருக்கின்றன, கணினி கட்டளையிடுகிறது. ஆனாலும் அசைவை முன்கூட்டியே வகுத்து, வேலை செய்யும் பாகத்தைக் கண்ணுக்கு மறைத்து வைக்கும் வித்தை அன்றைய படகில் இருந்ததுதான்.

இனி எங்கள் அப்பாவிடம் வருகிறேன். கண்டியில் ஒரு சிறிய கடையில் நாற்பது ஆண்டுகள் மணிக்கூடு திருத்தினார். டிக் டிக் ஓசையைக் கேட்டே கோளாறு எதுவென்று சொல்லிவிடுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் வபாத்தானார். அவருடைய மேசை இழுப்பறையில் நூற்றுக்கணக்கான பற்சக்கரங்கள் சிறு சிறு டப்பாக்களில் கிடக்கின்றன. எது எதற்கு உரியது என்று வாப்பாவுக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு நின்று ஒரு வருடமாகிறது. அப்பா ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவுமில்லை. அந்த மன்னர் கேட்டார், நாங்கள் கேட்கவில்லை. இதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

வாப்பா தண்ணீர் மோட்டார் திருத்துகிறார். சென்ற மாதம் ஒரு கொப்பி வாங்கி அவர் பக்கத்தில் அமர்ந்தேன். ஒரு மோட்டாரைக் கழற்றும்போது எந்தப் பாகம் முதலில், எது அடுத்து என்று கேட்டுக் கேட்டு எழுதினேன், படமும் வரைந்தேன். ஆரம்பத்தில் வாப்பா சிரித்தார். இப்போது வேலை தொடங்கும் முன் அவரே என்னைக் கூப்பிடுகிறார். இதுவரை பதினொரு பக்கங்கள் நிறைந்திருக்கின்றன.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் தையலோ சமையலோ மருந்தோ நன்கு தெரிந்த ஒருவர் இருப்பார். இன்றே அவரிடம் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்டால் கொஞ்சம் பொறுமையோடு சொல்லிக் கொடுங்கள்.