தங்கக்கைச் சிறுவனின் உடல்

கால்பந்து ரசிகர்களிடம் மார்கோ வான் பாஸ்டன் என்ற பெயரைச் சொன்னால் ஒரு பெருமூச்சு எழும். நெதர்லாந்தைச் சேர்ந்த அந்த முன்கள வீரர் 1987-இல் இத்தாலியின் ஏசி மிலன் அணியில் சேர்ந்தார். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான விருதை மூன்று முறை வென்றார். ஆனால், கணுக்கால் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. அறுவை சிகிச்சைகள் தொடர்ந்தன. 1993 மே மாதம் தமது கடைசி ஆட்டத்தை ஆடியபோது அவருக்கு வயது 28. குணமாகும் என்ற நம்பிக்கையில் இரண்டாண்டுகள் காத்திருந்து, 1995-இல் ஓய்வை அறிவித்தார்.

திறமை இருந்தும் உடல் உடன்வராத ஆட்டக்காரர்களின் கதைகளை விரும்பிப் படிப்பவன் நான். அந்தக் கண்ணோடுதான் அண்மையில் ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாற்றையும் மீண்டும் படித்தேன். ஞானியின் வரலாற்றில் கால்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். திருவண்ணாமலைக்கு வருவதற்கு முன் அவர் மதுரைப் பள்ளி ஒன்றில் கால்பந்து ஆடிய சிறுவன் என்பதை நாம் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அந்த வரியிலேயே நின்று பார்த்தால், அவருடைய வாழ்க்கை முழுவதையும் ஓர் உடலின் வரலாறாகவும் படிக்க முடிகிறது.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்த வேங்கடராமனுக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை சுந்தரமய்யர் மறைந்தார். சிறுவன் மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தான். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான். படிப்பில் பெரிய நாட்டமில்லை. கால்பந்து, நீச்சல், மல்யுத்தம் ஆகியவற்றில்தான் மனம் சென்றது. அவன் இருக்கும் பக்கம் வெல்லும் என்று தோழர்கள் நம்பினார்கள்; தங்கக்கை என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். காலால் ஆடும் ஆட்டத்தையும் விரும்பிய சிறுவனுக்குக் கையை வைத்துப் பெயர் அமைந்தது சுவையானது.

அவனுடைய உடல் வலிமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. விழித்திருக்கும்போது அவனோடு மோத அஞ்சிய பையன்கள், அவன் உறங்கும்போது தூக்கிச் சென்று ஆசைதீர அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கிடத்துவார்களாம். அத்தனை ஆழ்ந்த உறக்கம். காலையில் அவர்களே சொன்னால்தான் அவனுக்குத் தெரியும்.

1896 ஜூலையில், பதினாறு வயதில், நல்ல உடல்நலத்தோடு இருந்த ஒரு நாளில், திடீரென மரண பயம் அவனைப் பற்றியது. தரையில் பிணம்போல் படுத்து, இந்த உடல் செத்தபின் எஞ்சுவது எது என்று தனக்குள் ஆராய்ந்தான். அன்றோடு விளையாட்டில் இருந்த நாட்டம் போயிற்று. ஆகஸ்ட் 29 அன்று அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினான். விழுப்புரம் வரை ரயில். அங்கிருந்து மாம்பழப்பட்டு வரைதான் கையிலிருந்த காசு போதுமானதாக இருந்தது. பிறகு ஏறத்தாழ பத்து மைல் நடை. கீழூரில் பசியால் மயங்கி விழுந்து, கையில் வாங்கிய சோறு மண்ணில் சிதற, அதைப் பொறுக்கி உண்டான். காதுக் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தான்.

அதன்பின் ஏறத்தாழ 54 ஆண்டுகள் அந்த ஊரை விட்டு அவர் நீங்கவில்லை. அந்த உடல் அடிபடத் தொடங்கியதும் அங்கேதான்.

கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அசையாமல் அமர்ந்திருந்த இளைஞன்மீது ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். சேஷாத்திரி சுவாமிகள் தடுத்தும் பயனில்லை. மண்டபத்தின் அடியில் இருண்டு கிடந்த பாதாள லிங்கக் குகைக்குள் அவர் இறங்கினார். எறும்பும் பூச்சியும் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கின. சீழும் குருதியும் வழிந்தன. அன்பர்கள் அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோதும் அவருக்குத் தன்னுணர்வு இல்லை. அந்தத் தழும்புகள் கடைசிவரை மறையவில்லை. அடுத்து வாழ்ந்த குருமூர்த்தத்தில் நாளுக்கு ஒரு கோப்பை உணவு. எழுந்து நிற்கவே தடுமாறும் அளவுக்கு உடல் மெலிந்தது. ஓராண்டுக்கு முன் மதுரையில் பந்தை உதைத்த கால்கள் அவை.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குள் ஒரு மறுப்பு எழுவது உண்டு. நல்ல உடலை இப்படிப் பாழாக்குவதில் என்ன மேன்மை? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் வரலாறுகள் எனக்கு நிறைவு தருவதில்லை. ஆனால், பிற்கால ரமணர் இதை எவருக்கும் வழியாகக் காட்டவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உடலை வருத்தும் தவத்தை அவர் பரிந்துரைக்கவில்லை. அளவான, எளிய உணவு போதும் என்றார். குடும்பத்தையும் வேலையையும் விட்டுவர விரும்பியவர்களை இருக்கும் இடத்திலேயே இருக்கச் சொன்னார். பாதாள லிங்கத்தில் நடந்தது உடலுக்கு எதிரான போர் அல்ல. உடலின் நினைவே இல்லாத நிலை. இரண்டும் வேறு.

நினைவு திரும்பியபின் அந்த உடலை அவர் நன்றாக உழைக்க வைத்தார். ஆசிரமம் உருவான பின் விடியலுக்கு வெகுமுன்பே சமையற்கட்டுக்குப் போய்க் காய் நறுக்கினார், அரைத்தார், ஏடுகளைத் தாமே தைத்துக் கட்டினார். மலையில் நடப்பது அவருக்கு மகிழ்ச்சி தந்தது. தங்கக்கைக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

காயங்களும் நிற்கவில்லை. மலையில் நடக்கையில் ஒருமுறை தொடை ஒரு புதரில் உரசி, உள்ளிருந்த குளவிக் கூடு கலைந்தது. தவறு செய்தது கால்தானே என்று, குளவிகள் கொட்டி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். வீங்கிய காலோடு குகைக்குத் திரும்பினார். 1924 ஜூன் மாதம் ஓர் இரவில் திருடர்கள் ஆசிரமத்தில் புகுந்து அவருடைய இடது தொடையில் தடியால் அடித்தார்கள். மற்றக் காலையும் அடித்துக்கொள்ளலாம் என்று அவர் காட்டினார். திருப்பி அடிக்கத் துடித்த சீடரைத் தடுத்து நிறுத்தினார். தமக்கும் நல்ல பூசை கிடைத்தது என்று பிறகு வேடிக்கையாகச் சொன்னாராம். பூசை என்பதற்குத் தமிழில் உள்ள இரண்டு பொருளும் அறிந்தவர்களுக்கே அந்தச் சிரிப்பின் அழகு புரியும்.

வயது ஏற ஏற மூட்டுவாதம் முழங்கால்களைப் பிடித்தது. நாம் அறிந்த பல படங்களில் அவர் கையில் இருக்கும் கோலைத் துறவியின் அடையாளமாகப் பார்க்கிறோம். பிற்காலத்தில் அது வலிக்கிற முழங்கால்களுக்கான ஊன்றுகோலும்கூட. அந்தக் கோலோடு தொடர்புடைய காயம் ஒன்றுதான் என் மனத்தில் அதிகம் தங்கியது. ஒரு நாள் நாய் ஒன்று அணிலைத் துரத்தியது. ரமணர் குரல் கொடுத்து, இரண்டுக்கும் நடுவே தம் கோலை வீசினார். அந்த வேகத்தில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. கால் உறுதியாக நிற்காது என்று தெரிந்த முதியவர் ஊன்றுகோலை வீசும்போது தம் உடலைக் கணக்கிடவில்லை. ஆடுகளத்தில் பந்தை நோக்கிப் பாய்கிற சிறுவனும் கணக்கிடுவதில்லை. பந்தின் இடத்தில் இங்கே ஓர் அணில்.

1948-இன் இறுதியில் இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டி ஒன்று தோன்றியது. 1949 பிப்ரவரி 9 அன்று ஆசிரம மருத்துவர் அதை அகற்றினார். ஒரு மாதத்துக்குள் அது பெரிதாக வளர்ந்தது. மார்ச் 27-இல் சென்னை மருத்துவர்கள் செய்த அறுவையின்போது அது சார்கோமா என்னும் புற்று எனத் தெரிந்தது. ஆகஸ்ட் 7, டிசம்பர் 19 என மேலும் இரண்டு அறுவைகள். இடையில் ரேடியம் சிகிச்சை, பச்சிலை, ஓமியோபதி, ஆயுர்வேதம் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர்களுடைய ஆறுதலுக்காக ஏற்றார். கையை வெட்டிவிடலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்கவில்லை. இந்த உடலே ஒரு நோய்தான், அது இயல்பாக முடியட்டும் என்பது அவர் கருத்து.

பாதாள லிங்கக் குகை சீரமைக்கப்பட்டு, அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அதைத் திறந்துவைத்ததும் அதே 1949-இல்தான். முதல் காயத்தின் இடம் நினைவிடமாக மாறிய ஆண்டில் கடைசிக் காயம் ஆறாமல் இருந்தது.

வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கேட்டவர்களிடம் வலி உண்டு என்றே ஒப்புக்கொண்டார். ஞானிக்கு வலிக்காது என்று நம்ப விரும்பிய அடியார்களுக்கு அது பேரிடியாக இருந்திருக்கும். வலி இருந்தது; அதைத் தம்மைப் பற்றிய செய்தியாக மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. காத்திருப்பவர்களுக்குத் தரிசனத்தை மறுக்கக் கூடாது என்பதில்தான் பிடிவாதம் காட்டினார். 1950 ஏப்ரல் 14 மாலையிலும் அந்த வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. இரவு 8.47-க்கு மூச்சு நின்றது. அந்நேரம் வானில் ஒரு விண்கல் ஒளிர்ந்து சென்றதைப் பலர் கண்டனர். அப்போது ஊரில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோனும் அவர்களில் ஒருவர்.

காயம் பட்ட ஆட்டக்காரனின் துயரம், தான் யார் என்பதே அந்தக் கணுக்காலில், அந்த முழங்காலில் இருப்பதாக அவன் உணர்வதுதான். அது அவன் குற்றமல்ல. அவனுடைய வாழ்வும் பிழைப்பும் அதில்தான் இருக்கின்றன. விளையாடாத நம்மிலும் பெரும்பாலோர் அப்படியே. ஒரு பரிசோதனை முடிவு வந்ததும் நோயின் பெயரே நம் பெயராகிவிடுகிறது. நலம் விசாரிக்க வருபவர்களும் அதைத் தவிர வேறெதையும் நம்மிடம் பேசுவதில்லை.

நம்மால் ரமணராக முடியாது. நோய்க்கு மருத்துவம் பார்த்தாக வேண்டும். உறுப்பை அகற்றினால் உயிர் பிழைக்கும் என்றால் அகற்றத்தான் வேண்டும். அவருடைய முடிவை நம் வீட்டு நோயாளிக்குப் பொருத்துவது பெரும்பிழை. ஆனால், வலிக்கிற கையோடு இருந்தபோதும் வாசலில் நிற்பவர் காத்திருக்கிறாரே என்று எண்ணிய அந்த மனத்திலிருந்து கொஞ்சம் கடன் வாங்கலாம். படுக்கையில் இருப்பவரிடம் அடுத்த முறை போகும்போது, நோயைப் பற்றிக் கேட்டு முடித்தபின், அவர் சிறுவயதில் என்ன விளையாடினார் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.